சேற்றில் இறங்கும் செயற்கைக் கால்

இலங்கையின் வடக்கே, வன்னியில் யாரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்குவதில்லை. குந்தியிருந்து களை பிடுங்குகிறோம், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறோம், வெறுங்காலோடு கோயிலுக்குப் போகிறோம். போரில் கால் இழந்த ஒருவருக்கு இவை எவ்வளவு பெரிய விடயங்கள் என்பதை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1960களில் ஜெய்ப்பூரில் கால் இழந்தவர்களுக்குக் கிடைத்தவை மேலைநாட்டு அமைப்பிலான செயற்கைக் கால்கள். கணுக்கால் மடியாது, சப்பாத்து இல்லாமல் நடக்க முடியாது. பலர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அந்த மனிதர்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினார்கள். ‘ஜெய்ப்பூர் கால்’ என்ற ரப்பர் பாதம் பிறந்தது. அது வளையும், நனைந்தாலும் கெடாது, சேற்றிலும் நடக்கும்.

இந்த வழிமுறையைத்தான் பின்னாளில் வணிக உலகம் ‘வடிவமைப்புச் சிந்தனை’ என்றது. அமெரிக்காவின் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனமும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் அதைப் பரப்பின. மனிதரைக் கவனி, சிக்கலை வரையறு, யோசனைகளைக் குவி, மலிவான முன்மாதிரி செய், சோதித்துப் பார் என்று படிகளைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், முதல் இரண்டில்தான் பாதி வேலை இருக்கிறது. போருக்குப் பிறகு எங்களிடம் விடையோடு வந்த திட்டங்கள் பல. கேள்வியோடு வந்தவை குறைவு.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரும் பால் திரிந்துபோகிறது. பெரிய குளிரூட்டும் தொட்டி வாங்குவதா என்று முதலாளி யோசிக்கிறார். ஒரு காலை சந்திக்குப் போய் நின்றால் வேறொன்று தெரியும். காலபோகத்தில், அதாவது மழைக்கால நெற்செய்கையின்போது, வயல்கள் விதைக்கப்பட்டிருப்பதால் மாடுகள் தூரத்து மேய்ச்சல் நிலமான தரவையில் நிற்கின்றன. அங்கே கறந்த பாலை ஒரு பெண் சந்திக்குக் கொண்டுவந்து, எப்போது வரும் என்று தெரியாத வாகனத்துக்காகக் காத்திருக்கிறார். கேட்டால், “பரவாயில்லை” என்பார். பாக்டீரியாக்கள் அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால், நான்கு மணி நேரத்தில் ஒன்று 256 ஆகிவிடும். பால் கெடுவது தொட்டிக்கு வருமுன்னரே. ஆகவே கேள்வி மாறுகிறது: அந்தக் காத்திருப்பை எப்படிக் குறைப்பது, அதுவரை பாலை எப்படிக் காப்பது?

முதலில் சிறிதாகச் சோதித்துப் பார்க்கலாம்: ஒரு சந்தி, ஐந்து குடும்பங்கள், ஒரு வாரம். பால் கானைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டலாம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துச் செல்லும். வாகனக்காரர் புறப்படும்போது தொலைபேசியில் அழைக்கலாம். காலபோகமோ மழைக்காலம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் மெல்லத்தான் ஆவியாகும், சாக்கு பெரிதாகக் குளிர்விக்காது. இது தெரிய வந்ததற்கான செலவு ஒரு பழைய சாக்கு. தொட்டி வாங்கியபின் தெரிந்திருந்தால் கடன்தான் மிஞ்சியிருக்கும். தொலைபேசி அழைப்பு ஓரளவு கைகொடுக்கும், ஆனால் தரவையில் சிக்னல் கிடைக்காத நாள்களும் உண்டு. அப்போது மறுபடியும் விடியற்காலையில் அதே சந்திக்குப் போய், அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டும்.