ஸ்கர்மிஷர்: பரவி நின்று சுடும் வீரர்

நெப்போலியன் காலப் போர்களைச் சிற்றுருவப் பொம்மைகள் வைத்து மேசையில் ஆடுகிறவர்களுக்கு ஸ்கர்மிஷர் என்ற சொல் முதல் நாளிலேயே எதிர்ப்படும். தோளோடு தோள் உரச நிற்கும் வரிசைக்கு முன்னால் போய், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுப் பரவி, மரம், வேலி, பள்ளம் என்று கிடைத்த மறைவில் இருந்து குறிபார்த்துச் சுடுகிற வீரர் என்று பொருள். எதிரியின் அதிகாரிகளையும் பீரங்கிக்காரர்களையும் வீழ்த்துவார். எதிரி இதே வேலைக்கு அனுப்பும் ஆட்களைத் தன் வரிசைப் பக்கம் அண்டவிடாமலும் பார்த்துக்கொள்வார்.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கே அதன் மூலச் சொல்லுக்கு வாள்வீச்சு என்று பொருள். அதற்கும் அடியில் இருக்கும் ஜெர்மானிய வேர் காத்தலைக் குறிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வீரரை ‘சுடுபவர்’ என்ற பொருளில் திரய்யேர் என்றார்கள். ஜெர்மானியர் வேட்டைக்காரரைக் குறிக்கும் யேகர் என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள்.

இலகு காலாட்படை வேறு, ஸ்கர்மிஷர் வேறு. முன்னது படைப்பிரிவின் பெயர். பின்னது போர்க்களத்தில் நிற்கும் விதத்துக்குப் பெயர். சாதாரணக் காலாட்படைப் பட்டாலியனும் தன் ஆட்களில் ஒரு பகுதியை முன்னே பரவ அனுப்பும். இலகு காலாட்படையும் தேவைப்பட்டால் நெருங்கிய வரிசையில் நின்று சண்டை போடும்.

மேசையில் இதைக் காட்டும்போது இந்த வேறுபாடுதான் முக்கியம். 1808 சீர்திருத்தத்துக்குப் பிறகு பிரெஞ்சு பட்டாலியனில் கம்பெனி என்ற உட்பிரிவுகள் ஆறு; அவற்றில் ஒன்று வோல்திஜேர், அதாவது பரவிச் சுடும் வேலைக்கென்றே அமைந்த கம்பெனி. 24 பொம்மைகளில் ஒரு பட்டாலியனை அமைத்தால் கம்பெனிக்கு ஒரு பேஸ் (பொம்மைகளை ஒட்டிவைக்கும் அடித்தட்டு), பேஸுக்கு நான்கு பேர். வோல்திஜேர்கள் முன்னே போகிறார்கள் என்றால் அந்த பேஸை எடுத்துவிட்டு, இரண்டிரண்டு பேர் நிற்கும் இரண்டு பேஸ்களை இடைவெளி விட்டு வரிசைக்கு முன்னால் வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒருவர் மண்டியிட்டுக் குறிபார்க்கட்டும், மற்றவர் துப்பாக்கிக் குழலில் கம்பியால் மருந்தை இடித்துக்கொண்டிருக்கட்டும். அழகுக்காகச் சொல்லவில்லை. ஜோடியாக வேலை செய்வதும், இருவர் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் காலியாக இருக்க விடாததும்தான் இவர்களுக்குக் கற்றுத்தந்த பாடம்.

பழங்காலப் போர்களுக்கான டிபிஏ விதிகளிலும் இதே கணக்குதான். 15 மி.மீ. பொம்மைகளுக்கு எல்லா பேஸும் 40 மி.மீ. அகலம், அதில் வாள் வீரர் நான்கு பேர், பரவி நிற்பவர் இரண்டே பேர்.

பரவி நிற்பவரைச் சுட்டு வீழ்த்துவது கடினம். காடும் மேடும் அவர் வேகத்தைக் குறைக்காது. ஆனால் வெட்டவெளியில் குதிரைப்படையிடம் மாட்டினால் தீர்ந்தது கதை. இதையெல்லாம் பெரும்பாலான விதிகள் ஒழுங்காகவே காட்டிவிடுகின்றன. சறுக்குவது சுடுவதில்தான். 1806 அக்டோபர் 14 அன்று யேனா போரில், ஃபியர்ட்சென்ஹைலிகன் கிராமத்தின் எதிரே பிரஷ்யக் காலாட்படை திறந்த வெளியில் வரிசை பிடித்து இரண்டு மணி நேரம் அளவுக்கு நின்றது. வீடுகளிலும் தோட்டச் சுவர்களின் பின்னாலும் பதுங்கியிருந்த பிரெஞ்சு வீரர்கள் அந்த வரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தார்கள். பகடையில் ஆறு விழுந்தால் ஒரு பொம்மையை எடுத்துவிடு என்கிற விதி இந்த அரிப்பைக் காட்டாது. சுற்றுக்குச் சுற்று எதிரி வரிசையின் மேல் குலைவுக் குறி சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் அது தாங்காமல் தள்ளாட வேண்டும். நான் அப்படிப்பட்ட விதிகளையே விரும்புகிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கைகலப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். எதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தால் பின்வாங்கிவிடுகிறவருக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. தூசிப்படை நல்ல பழஞ்சொல். ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்ற 767ஆம் குறளில் வரும் தார் என்பதற்குப் பரிமேலழகர் சொல்லும் பொருளும் தூசிதான். ஆனால் அது முன்னால் செல்லும் படையைக் குறிக்கிறதே தவிர, விலகி விலகி நிற்பதைக் குறிக்கவில்லை. இன்று படிப்பவருக்குக் குப்பைத் தூசிதான் முதலில் நினைவுக்கு வரும். சிதறல் என்றாலோ தோற்று ஓடுவது போல் ஆகிவிடும். இவர்கள் கட்டளைப்படி, வேண்டுமென்றே விலகி நிற்கிறவர்கள். அதனால் வீரரைப் பரவல் வீரர் என்றும், அந்த நிலையைப் பரவல் அணி என்றும், அதற்கு எதிரானதைச் செறிவணி என்றும் சொல்லலாம்.

அப்புறம், ஸ்கர்மிஷ் கேம் என்பது வேறு சங்கதி. அதில் ஒரு பொம்மை ஒரே ஒரு ஆளைக் குறிக்கும், மொத்தமே சில பத்துப் பேர்தான் மோதுவார்கள். அவர்கள் செறிவணியில் நின்றாலும் ஆட்டத்துக்குப் பெயர் அதுவே. அதைச் சிறுமோதல் ஆட்டம் என்று தனியாக வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.