ஓடுபாதை இருந்த வயலில் வேர்கள் ஏன் தயங்குகின்றன?

சிறிய தனியார் விமானத் தளம் ஒன்றை மூடுவது எளிது. புல் ஓடுபாதையின் மேல் பெரிய பெருக்கல் குறி இடுவார்கள், வான்வழி வரைபடங்களிலிருந்து அதை நீக்குவார்கள், காற்றுத் திசை காட்டும் துணிக்குழலை இறக்குவார்கள். அடுத்த பருவத்தில் கலப்பை இறங்கிவிடும். ஆனால் பயிர் வளர்ந்ததும் மேலிருந்து பார்த்தால், பழைய ஓடுபாதை பெரும்பாலும் அதே இடத்தில் தெரியும்: வெளிறிய, குட்டையான பயிர் ஒரு நேர்ப்பட்டையாக நிற்கும்.

மண்ணை இறுக்கிய பழி விமானத்தின் மேல்தான் விழும். அது அவ்வளவு நியாயமில்லை. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 முழுச் சுமையோடும் சுமார் 1,100 கிலோதான். தானியம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் அதைவிடப் பல மடங்கு கனம். நிலத்தை அதிகம் இறுக்குவது பராமரிப்புதான். மேடுபள்ளம் தட்டாமல் இருக்க, மண் ஈரமாக இருக்கும்போதே உருளை ஓட்டுவார்கள். ஈர மண்தான் மிக எளிதில் இறுகும். புல்வெட்டும் வண்டியும் ஆண்டுக்கணக்கில் அதே தடத்தில் போய்வரும்.

இறுகும்போது மண் இழப்பது காற்றை. நல்ல வயல் மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். மண்ணிலுள்ள கனிமத் துகள் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.65 கிராம், துளைகளையும் சேர்த்து அளந்தால் தளர்ந்த மண் 1.3 கிராம் அளவில் இருக்கும். அது 1.7 ஆக உயர்ந்தால் வெற்றிடம் 51 சதவீதத்திலிருந்து 36 சதவீதத்துக்கு இறங்குகிறது. அதிலும் முதலில் நசுங்குபவை பெரிய துளைகள், அதாவது மழைநீரை வடித்துவிட்டுக் காற்றுக்கு வழிவிடுபவை. எஞ்சும் நுண்துளைகளில் நீர் தங்கிவிடுகிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு வருகிறது. இறுகிய மண்ணைத் துளைக்கும் வலு வேருக்கு இல்லை என்றே நெடுங்காலம் விளக்கினார்கள். உண்மையில் நடப்பது வேறு. வேர்நுனி எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. தளர்ந்த மண்ணில் அது பரவிக் கலைந்துவிடும்; இறுகிய மண்ணில் வெளியேற வழியின்றி வேரைச் சுற்றியே தேங்கும். அந்தத் தேக்கத்தை உணர்ந்து வேர் தானே நீள்வதைக் குறைத்து, பருக்கத் தொடங்குகிறது. 2021-இல் வெளியான ஆய்வில், எத்திலீனை உணரும் திறன் இழந்த செடிகளின் வேர்கள் அதே இறுகிய மண்ணுக்குள் இறங்கிச் சென்றன. தடையில் பெரும்பகுதி வேர் தனக்குத்தானே போட்டுக்கொள்வது!

மண் தானாக ஆறுமா? மேல் அடுக்கு ஆறும். ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும்போது களிமண் வெடித்து மூடும். குளிர்நாடுகளில் உறைபனியும் கைகொடுக்கும். மண்புழுக்கள் வழி திறக்கும். அடிமண்ணுக்கும் வறண்ட நிலத்துக்கும் இவை எளிதில் எட்டுவதில்லை. அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் 1940-களில் பயிற்சி பெற்ற டாங்கிகளின் தடங்கள் இன்றும் மறையவில்லை.

உளிக்கலப்பையால் ஆழ உழுவது உதவும், மண் உலர்ந்திருந்தால் மட்டும். அந்த ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். கயிறுபோல் திரண்டால் காத்திருங்கள். ஈரத்தில் உழுதால் உளி அடிமண்ணை உடைக்காது, வழுவழுப்பாகப் பூசி அடைத்துவிடும். தளர்த்திய கையோடு குதிரை மசால் போன்ற ஆழவேர்ப் பயிரை விதைத்து, கனரக வண்டிகளைச் சில பருவங்கள் விலக்கி வைக்க வேண்டும். வேர் மக்கிய பின் எஞ்சும் குழாய்கள் அடுத்த பயிரின் வேருக்குப் பாதையாகும்.

நிலத்தைச் சமன் செய்தபோது மேல்மண்ணைச் சீவி எடுத்திருந்தால், அந்தத் துண்டுக்கு உழவு மட்டும் போதாது, தொழுவுரமும் வேண்டும். மாறாக, பல ஆண்டுகள் புல் மூடிக் கிடந்த இடத்தில் மக்கு சேர்ந்திருக்கும். அதை உழுததும் தழைச்சத்து தாராளமாக வெளிப்படும். கூடவே புல்வேரைத் தின்று வாழ்ந்த கம்பிப்புழுக்களும் புதுப் பயிர்மேல் பாயும்.

விதைப்பதற்கு முன் ஒரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சிறு விமானங்களின் பெட்ரோலில் ஈயம் உண்டு. பரவலாகப் பயன்படும் வகையில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை. ஈயம் மழையில் எளிதில் கரைந்து இறங்காது, மேல்மண்ணிலேயே பற்றிக்கொள்ளும். எனவே எரிபொருள் நிரப்பிய இடத்திலும், புறப்படுமுன் எஞ்சினை ஓட்டிச் சோதித்த ஓடுபாதை முனையிலும் மண் மாதிரியைத் தனித்தனியே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வயல் முழுவதும் எடுத்து ஒன்றாகக் கலந்த மாதிரியில் அந்தச் சிறு இடங்களின் ஈயம் கண்ணில் படாமல் போய்விடும்.