சிங்கப்பூர் கப்பல் யார்டில் அடிபட்டால் முதல் நாளே செய்ய வேண்டியவை

பிரேசிலில் சுமார் 2,000 மீட்டர் ஆழக் கடலுக்கடியில் இருக்கிறது புசியோஸ் எண்ணெய் வயல். அங்கே நாளுக்கு 180,000 பீப்பாய் எடுக்கக்கூடிய பி-78 மிதவைக் கப்பல் 2025 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்துதான் கிளம்பிப் போனது. இப்படிப்பட்ட கப்பலின் மேல்தளத்தில் பைப் ஸ்பூலை (குழாய்த் துண்டை) செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பியில்) தூக்கி ஃபிளேஞ்சோடு (குழாய் முனை வளையத்தோடு) பொருத்தும்போது விரல் நசுங்க ஒரு நொடி போதும். அதற்குப் பிறகு அலைச்சல் மாதக்கணக்கில்.

சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தை யார்டில் ‘விக்கா’ என்பார்கள். இப்போதைய வடிவம் 1 செப்டம்பர் 2020 முதல் நடப்பில் இருக்கிறது. கம்பெனியின் தப்பு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ‘நீ கவனமா இல்ல, அதனால காசு கிடையாது’ என்று சூப்பர்வைசர் சொன்னால் அது வெறும் மிரட்டல். மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம்.

முதல் பொறி கிளினிக்கில். கம்பெனி வேனில் கூட வருபவரே டாக்டரிடம் பேசிவிடுவார்: டார்மில் (தங்கும் விடுதியில்) வழுக்கி விழுந்தான் என்று. அந்த ஒரு வரி கார்டில் ஏறிவிட்டால் பிறகு அழிப்பது பெரும்பாடு. எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வேலையில் அடிபட்டது என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் ‘யார்டு, ஒர்க், ஆக்சிடென்ட்’ என்ற மூன்று சொல்லே போதும். அன்றைக்கே சூப்பர்வைசருக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி, அடிபட்ட கையின் படம், பக்கத்தில் நின்ற இருவரின் எண். போனை அங்கே கொண்டுபோக விடாத யார்டு என்றால், டார்முக்கு வந்ததும் மறக்காமல் எழுதி வையுங்கள்.

அடுத்தது லைட் டியூட்டி, அதாவது இலகு வேலை. எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்தால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று, கையில் கட்டோடு ஆளைக் கன்டெய்னர் ஆபீசில் உட்கார வைப்பார்கள். 2020 முதல் லைட் டியூட்டி கொடுத்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். அந்த நாட்களுக்கும் அடிப்படைச் சம்பளம் அல்ல, விபத்துக்கு முந்தைய சராசரிச் சம்பளம் வர வேண்டும். எம்.சி. என்றால் 14 நாள் வரை முழுச் சராசரி. மருத்துவமனை விடுப்பென்றால் 60 நாள் வரை. அதைத் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை.

இந்தச் சராசரியில்தான் பெரிய காசு ஓசையில்லாமல் காணாமல் போகிறது. முந்தைய 12 மாத வருமானத்தில் ஓவர்டைமும் சேரும். 32 வயதுக்காரர், மாத அடிப்படைச் சம்பளம் 700 சிங்கப்பூர் வெள்ளி, ஓவர்டைமோடு 1,400 என்று வைத்துக்கொள்வோம். காயத்தால் உடல் திறனில் நிரந்தர இழப்பு 6 விழுக்காடு. இழப்பீட்டைக் கணக்கிட 40 வயது வரை சட்டப்படி பெருக்கும் எண் 181. சரியான கணக்கு: 1,400 × 181 × 6% = 15,204 வெள்ளி. அடிப்படையை மட்டும் காட்டினால் 7,602. நேர்பாதி. சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். மாதாமாதம் படம் எடுத்து ஊரில் இருப்பவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

யார்டில் பல கம்பெனி இருக்கும். ஒர்க் பர்மிட்டில் யார் பெயரோ அவர்தான் முதலாளி, அவர் பேரில்தான் மனு. ‘யார்டுல போய்க் கேளு’, ‘மெயின் கான்ட்ராக்டர்ட்ட கேளு’ என்று விரட்டுவதெல்லாம் நாளைக் கடத்தத்தான்.

இழப்பு எத்தனை விழுக்காடு என்பதைக் காயம் ஆறி நிலைத்த பிறகே டாக்டர் மதிப்பிடுவார். அதற்குள் ‘ஊருக்குப் போ, காசு அனுப்பி வைக்கிறோம்’ என்று டிக்கெட்டை நீட்டினால் ஏறாதீர்கள். பர்மிட்டை ரத்து செய்தாலும் மனு சாகாது. ஸ்பெஷல் பாஸில் (மனு முடியும்வரை தங்கத் தரும் அனுமதியில்) இருக்கும்போது சாப்பாடும் தங்குமிடமும் முதலாளியின் பொறுப்பு. வெற்றுத் தாளிலோ புரியாத தாளிலோ கையெழுத்துப் போட வேண்டாம். லிட்டில் இந்தியாவில் யாராவது ‘விக்காவை வாபஸ் வாங்கு, கோர்ட்டில் அள்ளலாம்’ என்றால் நிதானியுங்கள்: கோர்ட்டில் முதலாளியின் தப்பை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், இரண்டு வழியிலும் வாங்க முடியாது.

சிக்கினால் வெளிநாட்டு ஊழியர் நிலையம், 6536 2692, இரவிலும் எடுப்பார்கள். இழப்பீட்டுக் கணக்குத்தாள் வந்ததும் தொகைக்கு முன்னால் அதிலுள்ள சராசரிச் சம்பளத்தைப் பாருங்கள். தப்பென்றால் தாளில் போட்ட கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம். டார்ம் மாறியிருந்தால் புது முகவரியை அமைச்சுக்கும் காப்புறுதிக் கம்பெனிக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். பழைய டார்முக்குத் தாள் போனாலும் கெடு ஓடத் தொடங்கிவிடலாம்.