மசோதா: கறுப்பு மையில் பிறந்த சொல்

“வீட்டுக்கு மசோதா பாஸாயிடுச்சாமே, எப்பக் கொடுப்பாங்க?” வேலூர் சத்துவாச்சாரி வீட்டுவசதி வாரியக் குடியிருப்புப் பக்கம் டீக்கடையில் இப்படி ஒருவர் கேட்டால் உடனே பதில் சொல்லிவிட முடியாது. அவர் மசோதா என்பது எதை என்று முதலில் விசாரிக்க வேண்டும். சட்டமன்றத்தில் வைத்த மசோதாவா, அமைச்சர் படித்த அறிவிப்பா, கலெக்டர் ஆபீசுக்கு வந்த அரசாணையா? பேச்சில் எல்லாவற்றுக்கும் மசோதா என்றே பெயர்.

சொல் அரபியில் பிறந்தது. ‘சவாத்’ என்றால் கறுமை. ‘முசவ்வதா’ என்றால் கறுப்பாக்கப்பட்டது. எழுதி, அடித்து, ஓரத்தில் சேர்த்து, மறுபடி அடித்து, மையால் கறுத்துப்போன தாள்தான் அது. அதையே பார்த்துச் சுத்தமாகப் படியெடுத்தால் ‘முபய்யதா’, அதாவது வெளுக்கப்பட்டது. எழுத்தர் வேலை பார்த்த யாரோ ஒருவர் கண்டுபிடித்த ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு பொருத்தம். மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் மக்காவின் கருங்கல்லை ஹஜருல் அஸ்வத் என்பார்கள். அந்த ‘அஸ்வத்’துக்கும் நம் மசோதாவுக்கும் வேர் ஒன்றே.

பாரசீகம், உருது வழியாக அலுவல் தமிழுக்குள் வந்த பெருங்கூட்டத்தில் மசோதாவும் ஒன்று. தாசில்தார், ஜில்லா, வக்கீல், ரத்து, அமல், பைசல் எல்லாம் அதே கூட்டம்தான். ஆற்காட்டு நவாபு ஆட்சியின் எழுத்துவேலை பாரசீகத்தில் நடந்த மண் இது. இந்தச் சொற்களை இங்கே யாரும் வேற்றாளாகப் பார்ப்பதில்லை.

பொருள் மட்டும் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்த சித்தூருக்குப் போனால் அதே சொல் ‘முசாயிதா’. தெலுங்கில் அது எந்த வரைவுக்கும் பொருந்தும். வரைவு வாக்காளர் பட்டியல்கூட முசாயிதாதான். மராத்தியில் ‘மசுதா’, இந்தியில் ‘மசௌதா’, அங்கேயும் வெறும் வரைவு என்றே பொருள். கன்னடமும் (‘மசூதெ’) தமிழும்தான் சட்டமன்றத்துக்கு வரும் வரைவுக்கென்று அதை ஒதுக்கி வைத்துவிட்டன. ஒதுக்கியதில் ஒரு நஷ்டம்: ‘இது இன்னும் முடியாத எழுத்து’ என்ற பழைய வாசனை போய்விட்டது. அதனால்தான் மசோதா என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

உண்மையில் மசோதா அவையில் அறிமுகமாகி, விவாதம் முடிந்து, வாக்கெடுப்பில் நிறைவேறினாலும் மசோதாதான். அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆம் பிரிவின்படி ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும். குடியரசுத் தலைவருக்கென ஒதுக்கி வைத்தால் அவருடைய ஒப்புதல் வேண்டும். இந்தப் படியில் எவ்வளவு காலம் நிற்கலாம் என்பதே வழக்காகி, தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் பற்றி 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன கதை நமக்குத் தெரியும். ஒப்புதலுக்குப் பின் அரசிதழில் வந்தால்தான் அது சட்டம்.

வீட்டு விஷயத்தில் அப்படிச் சட்டமானவை உண்டு. வீட்டுவசதி வாரியம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்கிறது. குடிசைப் பகுதிகளுக்கு 1971-இல் தனிச் சட்டம் வந்தது. குடிசை மாற்று வாரியம் என்று நாம் இன்னும் சொல்கிற அமைப்புக்கு 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். ஆனால் 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரும் திட்டம். அது அரசாணையில் நடக்கிறது. அதற்கு மசோதா எதுவும் வரவில்லை, வரவும் தேவையில்லை. 2019-இல் வேலூர் மூன்று மாவட்டமானதும் அரசாணையால்தான்.

ஊருக்கு உழைத்த தன்னார்வலர்களைப் பாராட்டுவதற்கும் மசோதா வேண்டாம், தீர்மானம் போதும். அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் இது அன்றாட வேலை: ஒரே நாளில் மலிவு விலை வீட்டுக்கு மசோதா, தொண்டு செய்தவர்களுக்குப் பாராட்டுத் தீர்மானம் என்று இரண்டையும் எடுத்துக்கொள்வார்கள். முன்னது சட்டமானால் கட்டுப்படுத்தும், பின்னது அவையின் மனத்தைச் சொல்லும். இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன தன்னார்வலரை நம் கிராம சபை பாராட்டினாலும் அது தீர்மானப் புத்தகத்தில்தான் ஏறும்.

தீர்மானம் என்றால் சும்மா என்று நினைக்கவும் கூடாது. தமிழ்நாடு என்று பெயர் மாற்ற 1967 ஜூலை 18 அன்று நம் சட்டமன்றம் நிறைவேற்றியது தீர்மானம். மாநிலப் பெயரை மாற்றும் மசோதாவைக் கொண்டுவரும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. அந்த மசோதா 1968-இல் சட்டமாகி, 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது.

நல்ல தமிழில் மசோதாவுக்குச் ‘சட்டமுன்வடிவு’ என்பதே சரி. பேரவை ஏடுகளிலும் அதுவே இருக்கிறது. ‘முன்’ என்ற ஓர் அசை, இது சட்டத்துக்கு முந்தைய நிலை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மசோதாவில் மங்கிப்போன பொருள் இதில் திரும்பக் கிடைக்கிறது. ‘சட்ட வரைவு’ என்றும் எழுதுகிறார்கள். அதை, அவைக்கு வருமுன் துறைக்குள் சுற்றும் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ‘சட்ட மசோதா’ என்பதில் முன்சொல் மிகை. தலைப்புக்கு இடம் பார்க்கும் பத்திரிகைக்காரர் மசோதாவை விடமாட்டார், விட வேண்டியதும் இல்லை.

டீக்கடையில் அவர் கேட்டதற்குப் பதில் வேண்டுமானால் எண்ணைப் பார்க்கலாம். அவையில் வைக்கும்போது அதற்குச் சட்டமுன்வடிவு எண் இருக்கும். ஒப்புதல் கிடைத்துச் சட்டமானதும் வேறொரு சட்ட எண் கொடுத்து அரசிதழில் வெளியிடுவார்கள். அந்த இரண்டாவது எண் வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.