இல்லாத மாணவர்களுக்கு ஒரு தேர்வு

பாளையங்கோட்டையில் கல்வியியல் ஆய்வு செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “வினாக்களின் அளவுருக்களைக் கணினியிலேயே உருவாக்கி, கற்பனை மாணவர்களை எழுத வைத்துப் பார் என்கிறார் என் வழிகாட்டி. பேட்டையிலும் தாழையூத்திலும் நிஜப் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கும்போது எதற்கு இந்தப் பொம்மைத் தேர்வு?”

நிஜப் பிள்ளைகளிடம் ஒரு சிக்கல். மதிப்பெண் தெரியும், உண்மையான திறன் யாருக்கும் தெரியாது. நம் கணக்கு திறனைச் சரியாக மதிப்பிட்டதா என்று ஒத்துப்பார்க்க வழியில்லை. கற்பனை மாணவரின் திறனையோ நாமே எழுதி வைத்திருக்கிறோம். கணக்கு எவ்வளவு தவறுகிறது என்று அங்கே அளந்தே சொல்லிவிடலாம்.

அடிப்படை எளிது. டென்மார்க்கின் கியோர்க் ராஷ் 1960இல் ஒவ்வொரு வினாவுக்கும் கடினம் என்ற ஒரே அளவுருவை, அதாவது வினாவின் குணத்தைச் சொல்லும் ஒரே எண்ணை, வைத்தார். 1968இல் ஆலன் பர்ன்பாம் வழியில் மூன்று அளவுருக்கள் வந்தன: கடினம், நல்ல மாணவரையும் சுமாரான மாணவரையும் பிரித்துக் காட்டும் திறன், குருட்டாம்போக்கில் சரியாகும் வாய்ப்பு. நான்கு விடைகள் உள்ள வினாவில் கடைசி அளவுரு 0.25க்குப் பக்கத்தில் இருக்கும். “தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் சி போடு” என்று பயிற்சி மையத்து வாசலில் காதில் விழும் ரகசியத்துக்கும் அதே கால் பங்கு வாய்ப்புதான். சரியான விடைகள் நான்கு எழுத்துகளிலும் சமமாகப் பரவியிருந்தால் சி-க்கு எந்த ராசியும் கிடையாது.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் கடினத்தை இயல்நிலைப் பரவலிலிருந்து, அதாவது நடுவில் நிறையவும் ஓரங்களில் குறைவாகவும் எண்கள் வரும் பரவலிலிருந்து, எடுப்பார்கள். பிரித்தறியும் திறனை மடக்கை இயல்நிலைப் பரவலிலிருந்து எடுப்பது வழக்கம், ஏனென்றால் அதில் எதிர்மறை எண் வரவே வராது. எதிர்மறையாக வந்தால் நன்றாகப் படித்தவர்தான் அதிகம் தவறுகிறார் என்று பொருள். நிஜத்தில் அப்படி ஒரு வினாவைக் கண்டால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள்.

இனி எனக்குப் பிடித்த இடம். கடினம் 0.5, பிரித்தறியும் திறன் 1.2, ஊகம் 0.25 என்று ஒரு வினா. சராசரித் திறன், அதாவது 0 உள்ள மாணவர் அதைச் சரியாகச் செய்ய வாய்ப்பு சுமார் 0.52. திறன் 2 என்றால் 0.89. திறன் -2 என்றால் 0.29. ஆனால் விடைத்தாளில் 0.52 என்று ஒன்று கிடையாது. சரி அல்லது தவறு, 1 அல்லது 0. எப்படி மாற்றுவது? பாதிக்கு மேல் இருந்தால் 1 போடலாம் என்றுதான் முதலில் தோன்றும். போட்டுப் பாருங்கள், பிழைப்பு கெட்டுவிடும். ஒரு எல்லைக்கு மேல் திறன் உள்ளவர் எல்லாரும் சரி, கீழே உள்ளவர் எல்லாரும் தவறு என்று தரவு படிக்கட்டு மாதிரி வந்து நிற்கும். மென்பொருளுக்கு இந்த வினா முழுமையாகப் பிரிக்கிறது என்று தோன்றும். பிரித்தறியும் திறனை ஏற்றிக்கொண்டே போகும், நிற்க இடம் கிடைக்காது.

சரியான வழி, 0க்கும் 1க்கும் இடையே கணினியை ஒரு ரேண்டம் எண் எடுக்கச் சொல்வது. அது 0.52ஐவிடச் சிறியதா, விடை சரி. பெரியதா, தவறு. அதே திறன் உள்ள அடுத்த மாணவருக்கு வேறு எண் வரும், வேறு விடை வரும். தெரிந்த பிள்ளை சறுக்குவதும் தெரியாத பிள்ளைக்கு அதிர்ஷ்டம் அடிப்பதும் இந்த ஒரு ஒப்பீட்டில் வந்துவிடுகின்றன. 1.2 என்ற எண்ணை மென்பொருள் மீட்டெடுப்பதே இந்தச் சறுக்கல்கள் திறனோடு எப்படிக் குறைகின்றன என்பதை வைத்துத்தான்.

அப்புறம் நடப்பது வழக்கமான வேலை. விடைகளை மட்டும் மென்பொருளிடம் கொடுத்து அளவுருக்களைக் கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கான முறை ஓட்டி, நாம் வைத்ததோடு ஒப்பிட வேண்டும். ஊக அளவுரு மட்டும் படுத்தும், ஏனென்றால் அதைக் காட்டிக்கொடுக்கும் அடிமட்டத் திறனாளர்கள் சிலரே. இந்தக் கணக்குகளுக்கென்று ஆரில் உள்ள மிர்ட் தொகுப்பைப் பயன்படுத்தினால் ஒரு பொறி உண்டு: அது கடினத்தை நேரடியாகக் கேட்பதில்லை. பிரித்தறியும் திறனைக் கடினத்தால் பெருக்கி, குறியை மாற்றிக் கொடுக்க வேண்டும். நம் வினாவுக்கு -0.6. மறந்து 0.5ஐயே கொடுத்தால் கடின வினா எளிய வினாவாகிவிடும், பிழைச் செய்தியும் வராது.

இவ்வளவுக்கும் செலவு ஒரு சாதாரண மடிக்கணினி; ஆர் இலவசம். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வுகளின் வினாத்தாளை அச்சடிக்கவும் காவல் காக்கவும் கொட்டும் பணத்தில் சிறு பங்காவது வினாக்களை அளந்து பார்க்கும் ஆய்வுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் ஆய்வுக்கு ஒரு யோசனை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் எது என்ற கேள்விக்கு நெல்லைச் சீமைப் பிள்ளை யோசிக்காமல் புன்னைக்காயல் என்று சொல்லும். அதே திறன் உள்ள தருமபுரிப் பிள்ளை தடுமாறலாம். இரண்டு குழுக்களை உருவாக்கி, ஒரே வினாவின் கடினத்தை ஒரு குழுவுக்கு மட்டும் 0.5 கூட்டி வையுங்கள். ஒரே திறன் உள்ள இரு குழுக்களிடம் ஒரு வினா வேறு வேறாக நடந்துகொள்கிறதா என்று சோதிக்க மிர்ட்டில் டிஐஎஃப் என்ற கட்டளை உண்டு; அது அந்த வினாவைப் பிடிக்கிறதா பாருங்கள். வித்தியாசமே வைக்காமலும் ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள். சும்மா இருக்கும் வினாக்கள் மீது அது எத்தனை தடவை பழி போடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.