சர்வரின் ஆரஞ்சு விளக்கு

நிறுவனங்களின் மையக் கணினியான சர்வரைப் பராமரிக்கப் போகும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது திரையை அல்ல, அதைப் பொருத்தியிருக்கும் ரேக்கின் (இரும்புச் சட்டத்தின்) முதுகுப்பக்கத்தை. சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தில் அப்படிக் குனிந்தபோது, நான்கு செயலிகள் (பிராசஸர்கள்) கொண்ட பெரிய சர்வர் ஒன்றுக்கு மின்சாரம் தரும் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

"இது எத்தனை நாளாக எரிகிறது சார்?"

"அது ரொம்ப நாளாகவே அப்படித்தான். ஆனால் சர்வர் நன்றாக ஓடுகிறதே!"

கேபிளைப் பிடித்துக்கொண்டே கீழே போனேன். இரண்டு பவர் சப்ளைகளின் கேபிள்களும் ஒரே யுபிஎஸ்ஸின் ஒரே பிளக் பட்டையில் செருகியிருந்தன. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்றுதான் இரண்டு வைக்கிறார்கள். இங்கே ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சியதும் ஒரு சுவிட்சின் தயவில் நின்றது.

பெரிய சர்வர் என்றால் அசுர வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒற்றை வேலையை மட்டும் கொடுத்தால், கல்லூரி மாணவர் விளையாட வாங்கிய கணினி அதை முந்திவிடக்கூடும். நாம் கொட்டிக்கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, உறுப்பு ஒன்று செத்தாலும் நிற்காமல் ஓடும் திறனுக்குப் போகிறது. ஆபத்தும் அங்கேதான். சாதாரணக் கணினி பழுதானால் அணைந்துவிடும், ஊருக்கே தெரியும். இது நொண்டிக்கொண்டே நேராக நடப்பதுபோல் காட்டும்.

நினைவகத்தையே எடுத்துக்கொள்வோம். ராம் என்ற நினைவகத்தில் தகவல் பூஜ்யமும் ஒன்றுமாக நிற்கிறது; அப்படி ஒவ்வொன்றும் ஒரு பிட். பல சர்வர் ராம்களில் 64 பிட் தகவலோடு 8 பிட் காவலுக்கு இருக்கும். ஒரு பிட் புரண்டால் அந்த நொடியே திருத்திவிடும். இரண்டு புரண்டால் திருத்த முடியாது, ஆனால் கண்டுபிடித்துவிடும். பிட் புரள்வதா, அதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய் என்பவர்களுக்கு நான் பெல்ஜியத்தைச் சொல்வேன். 2003 தேர்தலில் பிரஸ்ஸல்ஸ் பகுதியின் ஸ்கார்பேக்கில், மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. கிடைக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால்தான் மாட்டிக்கொண்டது. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு: ஒரே ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகியிருந்தால் சரியாக அவ்வளவுதான் கூடும். மென்பொருளில் பிழை அகப்படவில்லை. பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்றே முடிவுக்கு வந்தார்கள்.

கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு கணினி ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படித் திருத்தக்கூடிய பிழையைச் சந்தித்திருந்தது. திருத்திய பிழை வந்த ராமில் திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே சர்வர் தானே எழுதிவைக்கும் பழுதுப் பதிவேட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்ற வரி ஒருமுறை வந்தால் நான் குறித்துக்கொள்கிறேன். ராம் செருகியிருக்கும் அதே இடத்தின் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால் அந்த ராமை மாற்றச் சொல்லிவிடுகிறேன். "சரிசெய்துவிட்டதே, பிறகென்ன?" என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். கேட்கட்டும்.

தாங்கும் கலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினியான மெயின்ஃபிரேமைப் பார்க்க வேண்டும். 2022இல் வந்த இசட்16 மாடலில் வாடிக்கையாளருக்கு 200 கோர்கள் (செயலிக்குள் கட்டளைகளைச் செய்யும் பகுதிகள்) வரை, நினைவகம் 40 டெராபைட் வரை. இவற்றுக்கு அப்பால் உதிரிக் கோர்களும் உள்ளேயே காத்திருக்கின்றன. ஒரு கோர் தடுமாறினால் அதே கட்டளையை மீண்டும் செய்து பார்க்கிறது. அப்போதும் முடியாவிட்டால், விட்ட இடத்திலிருந்து உதிரிக் கோர் தொடர்கிறது. அதன்மேல் ஓடும் வங்கிக் கணக்கு மென்பொருளுக்கு எதுவும் தெரியாது. ஒன்று செத்தாலும் தகவல் தப்பும்படி வன்தட்டுகளை ரெய்டு என்ற முறையில் அடுக்குவதுபோல் நினைவகத்தையும் அடுக்கும் ஏற்பாடு 2010 முதல் அந்த வரிசையில் இருக்கிறது. ஒரு ராம் முழுதாகச் செத்தாலும் தகவல் பிழைக்கும்.

அவ்வளவு பெரிய இயந்திரமும் கடைசியில் செய்வது, தன் பழுதைத் தயாரித்த நிறுவனத்துக்குத் தானே தெரிவிப்பதுதான். எங்கள் ஊர்ச் சின்ன சர்வர்களிலும் அந்த வசதி உண்டு. பல இடங்களில் வலைப்பின்னலுக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வால் அந்தச் செய்தியை வெளியே விடுவதில்லை; போட்டவரும் மறந்துவிடுகிறார்.

ஆரஞ்சு விளக்கு நிறுவனத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. எச்சரிக்கை மின்னஞ்சல் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, வேலையை விட்டுப் போன ஒருவருடைய முகவரிக்கு.

நான்கு நாளில் புதிய பவர் சப்ளை வந்தது. ஒரு கேபிளை வேறு யுபிஎஸ்ஸுக்கு மாற்றி, மின்னஞ்சலில் இப்போதைய அதிகாரியின் முகவரியைப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை ஓடாத நேரத்தில், "ஒரு கேபிளை நீங்களே பிடுங்குங்கள் சார்" என்றேன். அவர் கை பிளக்கைத் தொட்டு நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். பிடுங்கினார். மின்விசிறிகளின் இரைச்சல் சற்றே ஏறி அடங்கியது. திரையில் எதுவும் மாறவில்லை. சிறிது நேரத்தில் அவருடைய சட்டைப் பையில் கைபேசி ஒலித்தது.