“இல்லை” என்று சொன்னதை எழுதி வையுங்கள்

நூலகத்துக்குப் பணம் குறைந்தால் முதலில் நிற்பது நூல் கொள்முதல். நானும் பல வருடம் அதைச் சொல்லியே அலுத்துக்கொண்டவன்தான். ஒரு நாள் இரவல் மேசையில் ஒரு நோட்டைப் போட்டோம். வாசகர் கேட்டு நாங்கள் “இல்லை” என்று சொன்னதையெல்லாம் அதில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், புத்தகம் கேட்டவர்கள் குறைவு. இணையத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள், வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் என்றுதான் பக்கங்கள் நிரம்பியிருந்தன. சரி, விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்காக வாரம் இரண்டு மணி நேரம் ஓர் ஊழியர் கணினிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே கட்டுப்பாடு: கடவுச்சொல்லை வாசகரே தட்டச்சு செய்ய வேண்டும், நாம் விசைப்பலகையைத் தொடவே கூடாது. பொறுமை வேண்டும். ஆனால் அடுத்த முறை அவர் தானாகச் செய்துகொள்வார்.

பிள்ளைகளுக்கு இடம் எங்கே? அலமாரிகளுக்கு அடியில்தான் இருந்தது. காலாவதியான வரிச் சட்ட வழிகாட்டி, மாறிப்போன சிகிச்சையைச் சொல்லும் மருத்துவக் கையேடு, தேர்வுமுறை மாறிய பிறகும் நின்ற வினா விடை நூல்கள். நூல் நீக்கம் என்றாலே நமக்குக் கை வராது. கணக்குத் தணிக்கையில் கேள்வி வருமே என்ற பயம் வேறு. ஆனால் தவறான மருந்தளவைச் சொல்லும் புத்தகம் அடுக்கில் இருப்பது வெறும் இடப் பிரச்சினை இல்லை. கடைசிப் பிரதிகளையும் வட்டார வரலாற்று நூல்களையும் மட்டும் தொடவில்லை. மற்றதை எடுத்ததும் நல்ல நூல்கள் கண்ணில் பட்டன. நூலகம் வளரும் உயிரி என்று 1931இல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விதி எழுதினார். நாம்தான் அதை அலமாரி வளர்வதாகப் புரிந்துகொண்டோம்.

மென்பொருளுக்கும் கடன்பட வேண்டியதில்லை. பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுத் தேதிகளைத் தாங்காது என்றதும், நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்கள் ‘கோஹா’ என்ற நூலக மேலாண்மை மென்பொருளை எழுதச் செய்து, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டன. அவ்வளவு பெரிய ஊரும் இல்லை அது. உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் வழங்கி (சர்வர்), பராமரிப்பு, பயிற்சி மூன்றுக்கும் ஆள் வேண்டும். அதை மறைத்து “இலவசம்” என்று மேலிடத்தில் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தாமதக் கட்டணம் இன்னொன்று. சிகாகோ பொது நூலகம் 2019இல் அதை நீக்கியதும், வெகுநாள் திரும்பாத புத்தகங்கள் வரத் தொடங்கின. அவற்றோடு வாசகர்களும் வந்தார்கள்.

நோட்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. போன வாரம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப: “ராத்திரி எட்டு மணி வரைக்கும் திறந்து வைப்பீங்களா?” அதற்கு ஆள் வேண்டும். இப்போதைக்கு எழுதி மட்டும் வைத்திருக்கிறோம்.